நிமிர்த்திய துடுப்பு

முதல் நாளே கால் கொப்பளிக்கும் என்றால் வருகிறவர்கள் யாரும் நம்புவதில்லை, இன்ஸ்பெக்டர். அதனால் ஊசியும் பஞ்சும் எப்போதும் என் பையில் இருக்கும். பன்னிரண்டு வருடமாக இந்தப் போண்டோ கடற்கரையில் ஐந்து நாள் நடைப்பயணத்துக்கு ஆட்களை அழைத்துப் போகிறேன். ஒருவரையும் தொலைத்ததில்லை. முன்னால் நான், கடைசியில் என் தம்பி லுவான்டிலே. அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. கூழ் ஊட்டியதும் நீந்தக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

இந்த முறை இரண்டாம் நாள் மாலை, சோளமும் பயறும் வெந்துகொண்டிருந்தபோது சொன்னான்.

"அண்ணே, இதான் எனக்குக் கடைசி நடை. கேப்டவுன்ல வேலை கெடச்சிருச்சு. வெள்ளிக்கெழம பஸ்."

"அப்ப எனக்கு யாருடா தொணை?"

"நண்டுங்க இருக்கே. நீ எவ்வளவு திட்டுனாலும் எதுத்துப் பேசாதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை ஆறு கடலில் சேரும் வாயைக் கயாக் படகில் கடந்தோம். விருந்தினர் ஆறு பேரையும் நான் முதலில் அக்கரை சேர்த்தேன். சமையல் சாமான்களைக் கட்டிக்கொண்டு அவன் பின்னால் வரவேண்டும். அவன் நின்ற இடத்தில் மணல்மேடு கடலை மறைக்கும். அலை எனக்குத்தான் தெரியும். துடுப்பைக் குறுக்கே பிடித்தால் நில், நிமிர்த்தினால் வா. என் துடுப்பை அவன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

கடல் வற்றத் தொடங்கி அரை மணி ஆகியிருந்தது. ஆறு எல்லாவற்றையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. நான் துடுப்பை நிமிர்த்தினேன்.

படகு கவிழும், நான் கயிறு வீசி இழுத்துப் போடுவேன், அண்ணன் இல்லாமல் ஆகாது என்று அவனுக்குப் புரியும். அவ்வளவுதான் நினைத்தேன்.

கவிழ்ந்தது. "அண்ணே" என்று இரண்டு முறை கூப்பிட்டான். கயிறு சிக்கிவிட்டது என்று விருந்தினர்கள் உங்களிடம் சொன்னார்களாம். நல்ல மனிதர்கள். சிக்கவில்லை. வீசியிருந்தால் பிடித்திருப்பான், கரையேறியிருப்பான், வெள்ளிக்கிழமை பஸ் ஏறியிருப்பான். அதனால்தான் வீசவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கடல் அவனை நம் கரைக்கே கொண்டுவந்தது. அம்மா பக்கத்தில் புதைத்தோம். சாயங்காலம் ஆனால் அங்கே போய் உட்கார்ந்து அழுகிறேன். அழுது தீரவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சாயங்காலம் ஆகிறது, சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். தனியாக இருந்து அவனுக்குப் பழக்கமில்லை.