இறங்கி வர மாட்டாங்க

— என் வீல்செயருக்கும் ஒரு டிக்கட்டா? ஒஸ்வல்ட் சேர், யோசிச்சுத்தான் பேசுறீங்களா?

— வீல்செயருக்கு இல்ல, றிப்கா மிஸ். தள்ளிட்டு வாறவருக்கு. வாசகர் விழாவுக்குள்ள வாற எல்லாரும் டிக்கட் எடுக்கணும். கமிட்டி முடிவு, ப்ளீஸ்.

— முனாஸ் நானா, நீங்க கதைப் புத்தகம் எதாச்சும் வாசிச்சிருக்கீங்களா?

— நான் எங்க தங்கச்சி வாசிச்சேன்? அலுவிகாரையிலருந்து ஒன்னய ஆட்டோவுல ஏத்திட்டு வந்தேன், அவ்வளவுதான்.

— கேட்டீங்களா சேர்? அவருக்கு எழுத்தாளரும் வேணாம், கையெழுத்தும் வேணாம். என் காலுக்குப் பதிலா அவர் நிக்கிறாரு. இங்க நடந்து வந்தவங்க தங்கட காலுக்குத் தனியா டிக்கட் எடுத்தாங்களா?

— நான் என்ன செய்ய மிஸ், கமிட்டி...

— சரி, எடுத்தாச்சு. உள்ள வர ஒண்ணு, எழுத்தாளர் ஜெனிஸ்டா மிஸ்ஸ நேர்ல பாக்க இன்னொண்ணு, நானாவுக்கும் அதே மாதிரி. இப்பவாச்சும் சொல்லுங்க, அவங்க எங்க?

— மேல் மாடியில.

— லிஃப்ட்?

— மாத்தளையில இந்த மாதிரி பழைய ஹோல்ல லிஃப்டுக்கு எங்க மிஸ் போறது?

— அல்லாஹ்வே! டிக்கட் விக்கிறப்போ வாய் எங்க போச்சு?

— யாரும் கேக்கலயே, ப்ளீஸ்.

— விடு தங்கச்சி. நான் தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போறேன்.

— வேணாம் நானா! இத்தன சனத்துக்கு முன்னால அரிசி மூட்ட மாதிரிப் போக நான் வரல. சேர், அவங்களக் கீழ வரச் சொல்லுங்க. ஒரு நிமிஷம் போதும்.

— அவங்க இறங்கி வர மாட்டாங்க, மிஸ்.

— ஓஹோ! அவ்வளவு பெரிய ஆளாயிட்டாங்களோ? தேயிலத் தோட்டத்து லயத்துக் கூரையில பாஞ்சு பாஞ்சு கள்ளனப் புடிக்கிற இன்ஸ்பெக்டர் கிருஷ்ணம்மாவ எழுதினவங்களுக்கு, நாலு படி இறங்கினா கிரீடம் விழுந்துருமோ?

— மெதுவா பேசுங்க மிஸ். மேல கேக்கும்.

— கேக்கட்டும்! பல்லேபொல ரோட்டுல பஸ் அடிச்சு நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ கிருஷ்ணம்மாதான் எனக்குத் தொண. கடைசிப் புத்தகத்துல அவளும் கூரையிலருந்து விழுந்துட்டா. அதோட கதைய நிப்பாட்டிட்டாங்க. ஜெனிஸ்டா மிஸ்! விழுந்தவ பெறகு எப்பிடி வாழ்ந்தா? அதக் கேக்கத்தான் வந்தேன்! அவளத் தள்ளி விட்டுட்டு நீங்க மாடியில குந்திட்டு இருக்கீங்களா?

— ஐயோ, கேட்டிருச்சு. மேலருந்து போன் வருது... ஹலோ. ஓ மிஸ். ஓ... சரி, சொல்றேன் மிஸ்.

— என்னவாம்? எங்களப் போகச் சொல்றாங்களா?

— வா தங்கச்சி, போவம். இந்தப் பவுசு புடிச்ச பொம்பள நமக்கு எதுக்கு?

— அப்பிடிச் சொல்லாதீங்க, ப்ளீஸ். பிழ என் வாயில. 'இறங்கி வர மாட்டாங்க'ன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. இறங்கி வர ஏலாது. போன வருஷம் விழுந்ததிலருந்து அவங்களும் வீல்செயர்லதான். போட்டோவுல அது தெரியக் கூடாதுன்னு, காலைல நாங்க நாலு பேர் அவங்கள மேல தூக்கிட்டுப் போய், மேசைக்கு முன்னால துணி கட்டி மறைச்சோம். அதுவும் கமிட்டி முடிவு.

— அப்ப... போன்ல என்ன சொன்னாங்க, சேர்?

— 'விழுந்தவ எப்பிடி வாழ்றான்னு காட்டுறேன். அந்தப் புள்ளய மேல தூக்காதீங்க, துணியக் கழட்டிட்டு என்னயக் கீழ இறக்குங்க'ன்னு சொல்றாங்க.