பொய் உடைய வேண்டிய இடம்

செயலாளர் அவர்களுக்கு,

அன்றைக்கு உங்கள் அலுவலகத்தில் கொடுத்த டீ நன்றாக இருந்தது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் புகாருக்கு ஆளானவனுக்கும் பிஸ்கட்டோடு டீ கொடுக்கிற எழுத்தாளர் சங்கம் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். அதைக் குடித்துவிட்டுத்தான் நீங்கள் நீட்டிய தாளில் எழுதினேன்: "என் தங்கையின் போனில் இருந்த செய்திகளை அவளுக்குத் தெரியாமல் படித்து, என் படத்தில் வசனமாகச் சேர்த்தேன். தவறு என்னுடையது." கையெழுத்தும் போட்டேன். நீங்கள் என் தோளைத் தட்டி, "ஒத்துக்கிட்டீங்களே, அதுவே பெரிய விஷயம்" என்றீர்கள்.

அந்தத் தட்டுதான் என்னை இதை எழுத வைக்கிறது. நான் அவள் போனைத் தொட்டதே இல்லை. தொட வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

நீங்கள் குடும்பக் கதை எழுதிப் பேர் வாங்கியவர். காமெடிக்குக் கணக்கு வேறு. டயர் கடைக்கு மேலே இருக்கிற எங்கள் டிஸ்கஷன் ரூம் சுவரில் ஒரு தெர்மாகோல் பலகை உண்டு. அதில் நாலு சீட்டு குத்தியிருக்கும். பொய் பிறக்கிற இடம், பொய் வேலை செய்கிற இடம், பொய் மாட்டிக்கொள்கிற இடம், பொய் உடைகிற இடம். மூன்றாவது சீட்டில் இடைவேளை. அங்கே பொய் மாட்ட வேண்டும், ஆனால் உடையக் கூடாது. நாலாவது, கடைசி இருபது நிமிஷம். எல்லாரையும் ஒரே மண்டபத்தில் கொண்டுவந்து அடைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் போட்டு உடைக்க வேண்டும். எந்தக் காமெடியிலும் யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம். அப்படி யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முப்பது வருஷமாக நான் செய்கிற வேலை.

இந்தப் படத்தின் ஒரு வரி உங்களுக்குத் தெரியும். கப்பல் இன்ஜினியர் என்று ரீல் விட்டு, ஒருவன் ஒரு பெண்ணுக்குச் செய்தி அனுப்பிக் காதலிக்கிறான். டைரக்டருக்கு லைன் பிடித்துவிட்டது. செட்டில் யார் தும்மினாலும் 'சைலன்ஸ்' என்று கத்துவார் என்பதால் அவருக்கு அதுவே பெயர். ஆனால் நான் எழுதிய கதாநாயகியை அவருக்குப் பிடிக்கவில்லை.

"யோவ், இவ பேசறது மீசை வச்ச ஆம்பள பேசற மாதிரி இருக்கு. ஒரு பொம்பள இப்படியா பேசுவா? உன் வீட்ல பொம்பளையே இல்லையா?" என்றார்.

இருந்தாள். பாப்பா. முப்பத்தொன்பது வயதானாலும் எனக்கு அவள் பாப்பாதான். அப்பா அம்மா போன பிறகு இருபது வருஷமாக நாங்கள் இரண்டு பேர்தான் வீட்டில். கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்கு பிரேம் எடுத்துக் காட்டுவது அவள் வேலை. என்னிடம் அவள் பேசுவதெல்லாம் கேஸ் தீர்ந்துவிட்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை, இவ்வளவுதான். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை. இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

புது சிம் ஒன்று வாங்கி, மதியம் இரண்டு மணிக்கு, கடையில் கூட்டம் குறைகிற நேரத்தில் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "மாமா, ரிங் ஸ்பேனர் கிடைச்சுதா?"

பதில் வந்தது. "மாமாவும் இல்ல, ஸ்பேனரும் இல்ல. இது கண்ணாடிக் கடை. கண்ணு தெரியலன்னா நேர்ல வாங்க."

தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். இருபது வருஷமாக ஒரே வீட்டில் சாப்பிடுகிறோம், இவளுக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. அதை அப்படியே ஒரு சீட்டில் எழுதிக் குத்தினேன் என்று சொன்னால் பொய். அவசரத்தில் முதலில் பிழையாக எழுதி, கிழித்துப்போட்டு, மறுபடி எழுதினேன். அவ்வளவு சந்தோஷம். ஒரு வாரத்தில் நிறுத்திவிடத்தான் நினைத்தேன்.

கப்பல்காரனாக இருப்பதில் ஒரு வசதி. நடுக்கடலில் சிக்னல் சரியாகக் கிடைக்காது, பேச முடியாது, எழுதத்தான் முடியும். நான் எழுதினேன், அவள் எழுதினாள். "எத்தனையோ பேருக்கு பிரேம் மாட்டி விடறேன், எல்லாரும் கண்ணாடியில அவங்க மூஞ்சியத்தான் பார்க்கறாங்க. பக்கத்துல நிக்கற என்னை யாரும் பார்த்ததில்ல." இது ஒரு மதியம் வந்தது. சைலன்ஸ் இதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "எங்கய்யா பிடிச்சே இந்தப் பொண்ண?" என்று கேட்டார். கற்பனைதான் சார் என்றேன்.

பாப்பா மாறினாள். பார்வையில் ஒரு குறையும் இல்லாதவள், பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டாள். சமையலறையில் தானாகச் சிரித்தாள். ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அண்ணா, கப்பல்ல சாப்பாடெல்லாம் ஒழுங்கா கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான்."

நான் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டேன்.

ஐந்தாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், லிப்ட் மெக்கானிக் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவியை இழந்தவர். கண்ணாடியில் ஒரே ஸ்க்ரூவை முடுக்குவதற்காக மூன்று தடவை பாப்பாவின் கடைக்குப் போனவர். தலையைப் படியப் படிய வாரியிருந்தார்.

"சார், மேல போறதும் கீழ வர்றதும் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. சுத்தி வளைச்சுப் பேச வராது. உங்க தங்கச்சிய எனக்குக் கட்டிக் கொடுப்பீங்களா?"

நல்ல மனிதர். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அவர் போன பிறகு பாப்பாவிடம் கேட்டேன். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"வேணாம்ணா. எனக்கு ஆள் இருக்கு." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்பேனரில் ஆரம்பித்து, கப்பல், என்ஜின் ரூம் சூடு, அவர் சின்ன வயதில் பயந்த நாய், ஒன்று விடாமல். எல்லாம் நான் எழுதியவை. அவள் வாயில் கேட்கும்போது அந்த ஆள் என்னைவிட எவ்வளவோ நல்லவராக இருந்தார். "நீ திட்டுவேன்னு பயந்தேன்" என்றாள்.

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். நாலு திட்டு, ரெண்டு நாள் பட்டினி, அதோடு முடிந்திருக்கும். மெக்கானிக் பக்கத்துத் தெருவைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார், திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பலகையில் இடைவேளைச் சீட்டு அப்போது காலியாக இருந்தது. அங்கே பொய் உடையக் கூடாது என்பது என் புத்தியில் அவ்வளவு ஊறிப்போயிருந்தது.

"நல்ல மனுஷனாத்தான் தெரியறார்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மெக்கானிக்கிடம் நானே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இடைவேளைக் காட்சிக்காக, கப்பல் துறைமுகத்துக்கு வருகிறது என்று அவளுக்கு எழுதினேன். இரண்டாம் நம்பர் கேட்டில் காத்திருக்கச் சொன்னேன். அவள் லீவு போட்டுவிட்டுப் போனாள். கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில், தூணுக்குப் பின்னால், நான் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை. அவள் ஏழு தடவை கண்ணாடியைக் கழற்றி மாட்டினாள். யாரோ வருவது போல இருந்தால் சிரித்துப் பார்த்து, ஆள் அது இல்லை என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாட்ச்மேனைப் பார்த்துச் சிரித்தாள். வாட்ச்மேன் தன் ஸ்டூலைக் கொடுத்தார். மூன்றரைக்கு, இரண்டு பேருக்காகக் கட்டி வந்திருந்த சோற்றில் பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தான் சாப்பிட்டாள். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

கப்பலைக் கடைசி நேரத்தில் வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்று சாயங்காலம் செய்தி அனுப்பினேன். அவள் பதில்: "பரவால்ல. ரொம்ப நாளா கடல் பார்க்கணும்னு இருந்தேன்."

படத்தில் ஆளுக்கு ஆள் பாராட்டுகிற இடைவேளை இதுதான்.

அதன் பிறகு இரண்டாம் பாதி தானாக வந்தது. ஷூட்டிங் தேதி குறித்தார்கள், ஸ்கிரிப்டைக் கட்டி முடித்தோம். எனக்கு இனி அந்தக் கப்பல்காரர் தேவைப்படவில்லை. பாப்பாவோ வேலையை விட்டுவிட்டு அவர் இருக்கிற ஊருக்கே வருவதாக எழுதத் தொடங்கியிருந்தாள். பெட்டி எடுத்துத் தூசி தட்டி வைத்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, மற்றவர்கள் டீக்குக் கீழே இறங்கியபோது, அவருடைய அண்ணன் எழுதுவது போல அதே எண்ணிலிருந்து எழுதினேன். என்ஜின் ரூமில் விபத்து. தம்பி போய்விட்டான். அடக்கமும் முடிந்துவிட்டது. நீங்கள் வர வேண்டாம்.

கொலை என்று நீங்கள் சொல்லலாம். அன்று நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பாத்திரத்தை முடித்துவைத்தேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போனபோது அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் எதுவோ கருகிக்கொண்டிருந்தது. அணைத்தேன். "முகத்தக்கூட பார்க்கலண்ணா" என்றாள். பதினைந்து நாள் நான்தான் அவளுக்கு ஊட்டிவிட்டேன். அந்தப் பதினைந்து நாளில் நல்ல அண்ணனாக இருந்தேன் என்று எனக்கு ஒரு எண்ணம்கூட இருந்தது. வெட்கக்கேடு.

உண்மையை எப்போது சொல்வதாக இருந்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். படம் வந்த பிறகு. தியேட்டரில். நிஜமாகவே அதைத்தான் திட்டமிட்டிருந்தேன். படத்தின் கடைசியில் பொய் உடைகிறது, கதாநாயகி ஒரு அறை விடுகிறாள், பிறகு சிரிக்கிறாள், மண்டபமே சிரிக்கிறது. பாப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாள், அப்போது அவள் காதில் சொல்லிவிடலாம் என்று நம்பினேன். அத்தனை பேர் சிரிக்கும்போது அவள் மட்டும் எப்படி அழ முடியும்?

மதியக் காட்சிக்கு அழைத்துப் போனேன். கண்ணாடிக் கடை வசனத்துக்கு அரங்கம் சிரித்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். துறைமுகக் காட்சியில், கதாநாயகி ஏழாவது தடவை கண்ணாடியை மாட்டும்போது, எங்களுக்குப் பின்னால் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமினார். பாப்பா தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இடைவேளை விளக்கு எரிந்ததும் எழுந்து போய்விட்டாள். நாலாவது சீட்டு வரை அவள் இருக்கவே இல்லை.

எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு உங்களுக்குப் புகார் எழுதினாள். "செத்துப்போனவர் என்னோடு பேசியதை என் அண்ணன் திருடி ஊர் சிரிக்க வைத்துவிட்டார். அவர் பேச்சை மட்டும் படத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்." வேறு எதுவும் கேட்கவில்லை. வாட்ச்மேன், ஸ்டூல் எல்லாம் தானே அவருக்கு எழுதிச் சொன்னவை, அதைத்தான் அண்ணன் படித்திருக்கிறான் என்று நம்புகிறாள். அண்ணன் திருடுவான் என்று நினைக்க அவளால் முடிந்திருக்கிறது. அதற்கு மேல் என்னைப் பற்றி நினைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த மனதை நம்பித்தான் உங்கள் தாளில் திருடன் என்று கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன், நம்புங்கள். அவளே முந்திக்கொண்டாள்.

"அண்ணா, நான் சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. என் போன எடுத்தப்ப, நான் பார்க்கறதுக்கு முன்னாடி அவர் அனுப்பினது ஏதாவது அழிச்சியா? அவர் போறதுக்கு முந்தின நாள், அந்தத் திங்கக்கிழமை, அவர்கிட்டேர்ந்து ஒண்ணும் வரல. அப்படி இருக்க மாட்டாரு. தெரியாம கை பட்டு அழிஞ்சிருந்தாலும் சொல்லு. திட்ட மாட்டேன்."

அந்தத் திங்கட்கிழமை டைரக்டருக்குக் கதை படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அதனால் எழுதவில்லை.

"ஒண்ணு இருந்துது" என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். "என்ன?"

கொஞ்ச நேரம் யோசித்தேன். அவளுக்கு அது ஞாபகப்படுத்திக்கொள்வது போலத் தெரிந்திருக்கும். "அடுத்த தடவை கேட்டுல நீ காத்திருக்க வேணாம், நான் வந்து நிக்கறேன், நீ மெதுவா வா. அப்படி எழுதியிருந்தாரு."

அவள் அதை இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "அவரேதான். அப்படித்தான் பேசுவாரு" என்றாள். பிறகு எட்டு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, "சாப்பிட்டியா?" என்று என்னைக் கேட்டாள்.

இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அவளுக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டாள். அவளுக்கு ஒரு ஆறுதல் வேண்டியிருந்தது, கொடுத்தேன், அதோடு அந்த ஆள் கதை முடிந்தது. இனி ஒரு வரி அவர் பெயரில் எழுத மாட்டேன் என்று உறுதியாகத்தான் இருக்கிறேன்.

நேற்று சாப்பிடும்போது, வேறு ஏதாவது அழித்தாயா என்று மறுபடி கேட்டாள். ஆமாம், இன்னும் நாலைந்து இருந்தது என்று சொல்லியிருக்கிறேன்.