வெளிச்சத்துக்கு எந்த ஃபோல்டர்

அக்கா: ...கடைசியா என்ன சொல்றே? ஆமாவா, இல்லையா?

தம்பி: இல்ல. மூணு மெயில்ல எழுதிட்டேன். வீடு தேடி வந்து கேட்டா மட்டும் மாறிடுமா?

அக்கா: அது மெயிலா? "வெளிச்சமா? இங்கயா? சிரிப்பு வருது." ஊரே படிக்கற மெயில் லிஸ்ட்ல சொந்த அக்காவுக்கு இப்படியா எழுதுவே?

தம்பி: லிஸ்ட்ல அக்கா தங்கச்சியெல்லாம் கிடையாது. மெஷினையே ஓட்டற கெர்னல் கோடுல என் பொறுப்பு ஒரே ஒரு ஃபோல்டர். மெஷினோட உடம்பைப் பாக்கற டிரைவர் புரோகிராமுக்கு மட்டும்தான் அங்க இடம். சூடு எவ்வளவு, ஃபேன் சுத்துதா, கரண்ட் சரியா வருதா...

அக்கா: வெளிச்சத்தை அளக்கற என் சென்சாரும் மெஷின்லதான் ஒட்டிக்கிட்டிருக்கு.

தம்பி: ஒட்டிக்கிட்டிருந்தா? அது பாக்கறது ஜன்னலை! ஜன்னல்ல வெயில் அடிச்சா மெஷினுக்குக் காய்ச்சல்னு அர்த்தமா? கீபோர்டு ஃபோல்டர்காரர்கிட்ட போயேன்.

அக்கா: போனேன். "இதை எவனாவது விரலால அமுக்கறானா?"ன்னு கேட்டாரு.

தம்பி: சரியாத்தான் கேட்டிருக்காரு. அப்ப 'இதர' ஃபோல்டர்ல தூக்கிப் போடு.

அக்கா: அது ஃபோல்டரா? குப்பைக்கூடை. ஒருத்தன் டிரைவர் வெளிச்சத்தை லக்ஸ்ங்கற அளவுல சொல்லும், இன்னொருத்தன்து வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். எண்ணை எங்கேருந்து படிக்கணும்னு புரோகிராம்களுக்கு ஒரு தடவை காட்டின பாதையை அப்புறம் மாத்த முடியாது, தெரியுமில்ல?

தம்பி: எனக்கே பாடமா? அந்த விதியைச் சொல்லித்தான் பத்து வருஷமா ஆளுங்களை வாசலோட அனுப்பிட்டிருக்கேன்.

அக்கா: பெருமை வேறயா... நாளைக்கு மதியத்தோட இந்தப் புது கெர்னல் வெளியீட்டுக்குக் கதவை அடைச்சிடுவாங்க. அதுக்குள்ள இடம் கிடைக்கலேன்னா எங்க கம்பெனி சர்க்யூட் போர்டுலேருந்து சென்சாரையே பிடுங்கிடும். என் ரெண்டு வருஷ வேலைடா.

தம்பி: பிடுங்கட்டுமே. ரூம் இருட்டானதும் ஸ்கிரீன் தானா மங்கலைன்னா ஆளு கையால குறைச்சுக்கறான். கை எதுக்கு இருக்கு?

அக்கா: நோயாளி கட்டிலுக்குப் பக்கத்துல வெக்கற கருவிடா அது. கையைத் தூக்க முடிஞ்சா அவர் ஏன் படுத்திருக்காரு?

தம்பி: ...மூக்கை உறிஞ்சாதே. கெர்னலுக்குக் கண்ணீர் புரியாது.

அக்கா: உன்கிட்ட அழறதுக்குச் சுவத்துல முட்டிக்கலாம். சரி, வெளிச்சத்துக்கே தனியா ஒரு ஃபோல்டர் கேட்டா?

தம்பி: கேளேன். மொத்தம் எத்தனை டிரைவர் இருக்கும்? உன்னோடது ஒண்ணு. ஒத்தை ஆளுக்கு ஒரு பஸ்ஸா?

அக்கா: ஒண்ணுதானா? உன் ஃபோல்டர்ல எதுவும் இல்லையா?

தம்பி: என்கிட்டயா? ஒண்ணு கூட இல்ல.

அக்கா: நல்லா யோசி.

தம்பி: யோசிக்கறதுக்கு என்ன... தண்ணி குடிக்கறியா?

அக்கா: வேண்டாம். ஒண்ணு செய். "வெளிச்சம் அளக்கற எந்த டிரைவருக்கும், யார் எழுதினதா இருந்தாலும், என் ஃபோல்டர்ல இடமில்ல"ன்னு லிஸ்ட்ல எழுது. நான் தொலைஞ்சு போறேன்.

தம்பி: எழுதினா நிஜமாவே போயிடுவியா?

அக்கா: செருப்பைக்கூட மாட்டிட்டேன்.

தம்பி: இந்தா... "யார் எழுதினதா இருந்தாலும்"... அனுப்பியாச்சு. உறைக்கற மாதிரி ஒரு வரி கூடவே சேர்த்திருக்கேன், படிச்சுக்கோ.

அக்கா: ஃபோன்ல வந்துடுச்சு. "ஏற்கெனவே நுழைஞ்சிருந்தா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளணும்." அடடா... நான் கேக்காததையும் குடுத்திருக்கே!

தம்பி: ...ஏன் சிரிக்கறே?

அக்கா: கெர்னலோட தலைமைப் பொறுப்பாளர் எனக்குப் புது ஃபோல்டர் தரேன்னு போன வாரமே சொல்லிட்டாரு. ஒரே ஒரு நிபந்தனை. ரெண்டாவது ஆளா அங்க வர, உன்கிட்ட இருக்கற வெளிச்ச டிரைவரை நீயே வேண்டாம்னு எழுதணும்.

தம்பி: என்கிட்டதான் எதுவும் இல்லைன்னு...

அக்கா: எட்டு வருஷம் முன்னாடி 'போர்டு சூடு'ன்னு பேரு வெச்சு நீயே எழுதின ஒண்ணை உள்ள நுழைச்சியே, அது அளக்கறது லக்ஸ். என்னோடதை உள்ள விட்டா யாராவது உன்னோடதைத் திறந்து பாத்துடுவாங்கன்னுதானே என்னை விரட்டினே? நீ மறுக்கணும்னுதான் மூணு தடவை உனக்கே அனுப்பினேன். நாளைக்குக் காலையில அதை என் புது ஃபோல்டருக்குக் கூட்டிட்டுப் போறேன். இனிமே அதுல ஒரு எழுத்தை மாத்தணும்னாலும் நீ என்கிட்டதான் வந்து கேக்கணும்.