செவ்வந்தி பாட்ட நிறுத்துனவன்

அந்தப் பேமானி யாருன்னு தெரியாம நா இன்னிக்கி வூட்டுக்குள்ள கால வெக்க முடியாது சார்! ...கொஞ்சம் தள்ளிக் குந்துங்க, ஜன்னல் காத்து எனக்கும் வரட்டும். பொன்னேரிக்கா? நாங்களும் அங்கதான். அவனக் கண்டுபுடிக்கத்தான் வக்கீலப் பாக்க. நாங்கன்னா... அதோ, டிரைவர் பின்னால பச்ச சேல. எம் பொண்டாட்டி, செவ்வந்தி. எங்கூடப் பேசல. ஐயய்யோ, திரும்புது... நீங்க வெளிய பாருங்க சார்.

லைட்ஹவுஸ் குப்பம் நாங்க. எம்பேரு வரதன், கடல் தொழிலு. மீனு காயப்போடச்சொல்ல அது பாடும். அதுவே கட்டுன பாட்டு. யாரப் பத்தி? என்னியத் திட்டித்தான்! ‘வல காஞ்சி கெடக்குது, வாய் மட்டும் ஓயலியே’ன்னு. இன்னா கொழுப்பு பாத்தீங்களா? குப்பமே சிரிக்கும். ஆனா கொரலு... கொரலு சார்!

அதக் கேட்டுட்டுத்தான் மெட்ராஸ் காலேஜ்லேர்ந்து ஜெசிந்தா மேடம் வந்துது. பலாப்பழம் கணக்கா ஒரு கேமரா, சுத்தி முச்சூடும் கண்ணு. செவ்வந்தியப் படகுல ஏத்தி, பழவேற்காடு ஏரி நடுவுல பாடச் சொல்லி எடுத்துது. அப்பறமா ஒரு டப்பாவ மூஞ்சில மாட்டிக்கினா, ஏரியிலயே இருக்கறாப்ல தெரியுது. நா மாட்டிக்கினு, படகுல ஏறறேன்னு கொழம்புச் சட்டியில கால வுட்டேன்... அது வேற கத.

இத வெளிநாட்டு மாநாட்டுல காட்டப் போறாங்கன்னுது. எங்க? ஹாலந்துல! நம்ம பழவேற்காட்டுல அந்தக் காலத்து டச்சுக்காரங்க சமாதி கட்டிக்கினு படுத்துக்கினு இருக்காங்களே, அவுங்க சொந்த ஊரு. எங்கெங்கயோ இருந்து புரொபசருங்க. இங்க நேரலையில பாக்கலாம்னாங்க. செவ்வந்தி கல்யாணப் பட்டு கட்டிக்கிச்சு. எதுத்த வூட்டு லோகநாயகி டிவியில கனெக்சன் குடுத்து, நிக்கவே எடமில்ல. ஏரி வந்துது, படகு வந்துது, செவ்வந்தி வந்துது, வாயத் தொறந்துது... சத்தம் போச்சு! வாய் அசையுது, பாட்டக் காணோம். ‘உரிமைதாரர் தடுத்துள்ளார்’னு எழுத்து ஓடுது. லோகநாயகி கேக்குது, ‘இன்னாடி, நீ பாடலியா, வாய மட்டும் அசச்சியா?’ன்னு. செவ்வந்தி எழுந்து போயி பட்ட அவுத்துப் போட்டுட்டு மீனப் பொரட்டப் போயிடுச்சு.

அன்னிலேர்ந்து பாடல சார். காயப்போடற எடத்துல காக்கா சத்தந்தான். எனக்கு இன்னாவோ மாதிரி இருக்குது. ‘என்னியத் திட்டியாச்சும் பாடேன்’னேன். ‘எம் பாட்டுக்கு எவன் உரிமக்காரன்? அவன் மூஞ்சியக் காட்டு, பாடறேன்.’ அதோட பேச்சு நின்னுது.

இதுல பாருங்க, நா முன்ஜாக்கிரதக்காரன்! மேடம் எடுத்து என் ஃபோனுக்கு அனுப்புன பாட்ட எவனாவது திருடிடுவான்னு, கம்ப்யூட்டர் கட ரஞ்சித்குமாராண்ட மாநாட்டுக்கு முன்னாடியே போயிட்டேன். எல்லா ஆப்புலயும் பாட்ட ஏத்தி வுடற கம்பெனி இருக்குதாம். ஒவ்வொண்ணா கேட்டான். பாட்டு யாருது? நம்மளுது. பாடனது? எம்பேரயே போடுப்பா, வூட்டுக்கு ஒரு பேரு போதும். வேற யாரு போட்டாலும் சத்தத்த நிறுத்தட்டுமா? ‘நிறுத்து! எவனா இருந்தாலும் வுடாத!’ன்னேன். அப்பிடிப் பூட்டு போட்டும் பூந்துட்டான் பாருங்க, எமகாதகன்!

இன்னா சார் சிரிக்கிறீங்க? ...இருங்க, டொய்ங்குன்னுது. மேடம் அனுப்பிட்டாங்க! தடுத்தவன் பேர விசாரிச்சி அனுப்பறேன்னு சொல்லியிருந்தாங்க. எல்லாம் இங்கிலீஷு. நீங்களே படிங்க. சத்தமாப் படிங்க சார், செவ்வந்தி காதுல வுழட்டும்!

...இன்னாது?

...மெதுவா. மெதுவா சார்! வரதன்னு ஊருக்குப் பத்து பேரு இருப்பான்... லைட்ஹவுஸ் குப்பம்னுமா போட்டுக்கிறான்? ...ஃபோன் நம்பருமா?

எழுந்துடுச்சு. வருது சார். கம்பியப் புடிச்சிக்கினு இங்கதான் வருது... நீங்க எங்க எழுந்துக்குறீங்க? பொன்னேரி இன்னும் வரலியே! சார்... யோவ் சார்!

...வா செவ்வந்தி. குந்து, எடம் காலிதான். பேரு கெடச்சிடுச்சு. மூஞ்சியா? ...இதான். நல்லாப் பாத்துக்க. திட்டு. ஆனா... பாட்டாவே திட்டு.