இனிமே ஊசி வேண்டாமாம்

முடிஞ்சுதுன்னா? இன்னிக்கு ஊசி கெடையாதா? மூணு மாசம் கழிச்சு வந்தாலும் கெடையாதா? இல்ல சிஸ்டர், சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லாம என்ன. ரெண்டரை வருஷமா எங்க ஊர் கோபார்லருந்து இந்த டப்போ ஆஸ்பத்திரிக்கு முந்நூறு கிலோமீட்டர் வந்து வந்து போறோம். புத்துநோய் போயிடுச்சு, ரத்தத்துல ஒண்ணுமில்லன்னு நீங்க சொல்றீங்க. நான் எழுந்து உங்களக் கட்டிப் புடிச்சிருக்கணும். கொஞ்சம் பொறுங்க.

எங்க வீட்டுக்காரரு டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கத்தானே போயிருக்காரு? வரிசையில எத்தன பேரு? அஞ்சு பேரா. சரி. அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்களேன். துப்பாக்கிச் சத்தத்துல அவருக்கு எடது காது சுத்தமாப் போச்சு, வலது காதும் பாதிதான். இருந்தாலும் சாத்துங்க.

டாக்டர்கிட்ட நீங்க சொல்லி இன்னும் ஒரு வருஷம் போடச் சொல்ல முடியுமா? தெரியும், எலும்பு தேயும், இதயத்துக்கு ஆகாது, எல்லாம் தெரியும். போன மாசம் தும்மினதுலயே விலா எலும்பு விட்டுப் போச்சு அவருக்கு. ஆனா நீங்க என்ன சொன்னீங்க? மருந்தோட வேகம் எறங்கிட்டா பழைய தெம்பு வந்துடும், உங்க வீட்டுக்காரர் பழைய ஆளாயிடுவாருன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க.

நீங்க அந்தப் பழைய ஆளப் பாத்ததில்ல. நீங்க பாத்தது வீட்டு மரத்து எலுமிச்சம்பழத்தப் பையில போட்டுக் கொண்டாந்து குடுக்கற மனுஷன். போன தடவ கூட சொன்னீங்க, வெர்ன் மாதிரி தங்கமான ஆளு இந்த வார்டுக்கே வந்ததில்லன்னு. அவரும் வெக்கப்பட்டாரு. நான் பக்கத்துல உக்காந்து தரையப் பாத்துக்கிட்டிருந்தேன்.

இந்தாங்க, இந்தப் பல்லு. இது என்னோடதில்ல, கட்டினது. கல்யாணமாகி பத்தொம்பதாம் நாள் டீ ஆறிப்போச்சுன்னு அவன் என் தலமுடியப் புடிச்சு அடுப்புக் கதவுல இடிச்சான். அவன்தான். பழைய ஆள நான் அவன்னுதான் சொல்லுவேன், வாயில வேற வராது. இப்ப இருக்கறவரு அவரு. ரெண்டு பேரும் ஒரே சட்டையத்தான் போட்டுக்கறாங்க, அதான் கஷ்டம்.

எங்க பொழப்பு காட்டாடு புடிக்கறது. மோட்டார் பைக்குல தொரத்திக் கம்பிவேலிக்குள்ள தள்ளி லாரியில ஏத்தி அனுப்பணும். இல்லாத நாள்ல கங்காரு சுடப் போவான். கத்தியும் துப்பாக்கியும் கைக்கு எட்டற தூரத்துலயே கெடக்கும். பக்கத்து வீடுன்னா முப்பது கிலோமீட்டர். அந்த வீட்டுக்காரனும் அவனோட சேந்து சுடப் போறவன்.

எனக்கு ஒரு நாய் இருந்துச்சு, பிப்புன்னு. அவன் கைய ஓங்கினா நடுவுல வந்து நின்னு உறுமும், அவ்வளவுதான், கடிக்கக்கூட செய்யாது. ஒரு ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு முன்னாடி அத வாசல் கேட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போயி சுட்டான். திரும்பி வந்து கையக் கழுவிட்டு, வறுத்த கறியில உப்புப் பத்தலன்னான். நான் உப்ப எடுத்துக் குடுத்தேன். குடுத்தேன் சிஸ்டர். அத நெனச்சாத்தான் இன்னிக்கும் என்னையே எனக்குப் புடிக்கல.

இன்னொரு தடவ ஜனவரிக் கோடையில, நாப்பத்தி நாலு டிகிரி வெயிலு. டவுனுக்குப் போயிட்டு வர்ற வழியில கடைக்காரன்கிட்ட நான் சிரிச்சுப் பேசினேன்னு வண்டிய நிறுத்தி எறக்கி விட்டுட்டுப் போயிட்டான். பதினெட்டு கிலோமீட்டர். கையில தண்ணியில்ல. ரோட்டோரம் செத்துக் கெடந்த கங்காருவப் பாத்து, நாளைக்கு எவனாவது என்னையும் இப்படித்தான் தாண்டிப் போவான்னு நெனச்சுக்கிட்டே நடந்தேன். வீட்டுக்கு வந்தா வராண்டாவுல உக்காந்து தர்பூசணி சாப்பிட்டுக்கிட்டிருக்கான். ராத்திரிக்கு என்ன சமைக்கப் போறன்னு கேட்டான்.

அவன விட்டுட்டுப் போனேனே, ஏன் போகல. ரெண்டு தடவ போனேன். ரெண்டாவது தடவ ஆரஞ்சு டவுன்ல இருக்கற எங்க அக்கா வீட்டுக்கு. மூணாம் நாள் வந்தான். கதவத் தட்டல, கத்தல. வண்டியிலருந்து இரும்புக் கம்பிய எடுத்துட்டு வீட்டச் சுத்தி நடந்தான், சன்னல் சன்னலா ஒடைச்சுக்கிட்டே. அவசரமே இல்ல. ஏழு சன்னல். அக்கா குளியலறையில ஒளிஞ்சுக்கிட்டு வேண்டாம் போயிடு போயிடுன்னு என்கிட்ட அழறா. நான் கண்ணாடி மேல நடந்து போயி வண்டியில ஏறிக்கிட்டேன். எங்க பொண்ணு லியானுக்குப் பதினாலு வயசுல நடுவுல வந்ததுக்குத் தோள்பட்ட எலும்ப முறிச்சான். பதினாறுல அவ வீட்ட விட்டுப் போயிட்டா. நல்ல வேளன்னு நெனச்சேன்.

ஆமா, வர்றேன், அதுக்குத்தான் வர்றேன். நோய் எப்படி ஆரம்பிச்சுதுன்னு நீங்க கேட்ட மூத்திரக் கதைக்கு.

அது எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரியல. வேலிக் கம்பத்துக்கிட்ட போயி நிப்பான், பத்து நிமிஷம் நிப்பான், சொட்டுச் சொட்டா வரும். அந்தக் கோவத்துல கம்பத்த ஒதைப்பான். நான் சன்னல்லருந்து பாத்துட்டா அன்னிக்கு எனக்கும் விழும். மாத்திர எழுதிக் குடுத்தாங்க, அதத் தூக்கி ஆட்டுத் தொட்டியில போட்டுட்டான். அப்புறம் ஒருநாள் சுத்தமா அடைச்சுக்கிச்சு. காலையிலருந்து ஒரு சொட்டு எறங்கல. வயிறு பானையாட்டம் ஆயிடுச்சு. வேர்த்துக் கொட்டுது, சமையல்கட்டுக் கதவக் குத்திக் குத்திக் கை கிழிஞ்சு தொங்குது. நான்தான் வண்டிய எடுத்தேன். மண் ரோடு, டவுனுக்கு எழுபது கிலோமீட்டர். ஒவ்வொரு குழியில எறங்கறப்பவும் என் தோள்ல குத்துவான், மெதுவாப் போடீம்பான். மெதுவாப் போனா, சாகடிக்கப் பாக்கறியாடீன்னு குத்துவான். டாக்டரம்மா ட்யூப்பப் போட்டதும் ஒன்றரை லிட்டர் எறங்குச்சு. குழந்தையாட்டம் அழுதான், என் கையப் புடிச்சுக்கிட்டு. சட்டைக்குள்ள என் தோள் முழுக்க நீலம். அந்தம்மா என்னப் பாத்து, எவ்வளவு பாசம் பாருங்கன்னாங்க.

அப்புறம்தான் ரத்தம், ஸ்கேன், ஊசியால தச எடுத்துப் பாத்தது, எல்லாம். மூத்திரப் பைக்குக் கீழ இருக்கற சுரப்பியில புத்துன்னாங்க. வெளிய பரவல, ஆனா சும்மா விட்டு வைக்கற மாதிரியும் இல்ல, ஏதாவது பண்ணியே ஆகணும்னாங்க. இங்கதான், இதே மாடியில, பெரிய டாக்டர் முக்கா மணி நேரம் உக்காந்து சொன்னாரு. அவர்மேல ஒரு குத்தமும் இல்ல, படம் போட்டுக் காட்டினாரு. வெர்ன் சன்னலப் பாத்துக்கிட்டு எல்லாத்துக்கும் தலைய ஆட்டினான். காது கேக்கலன்னு எந்த ஆம்பளகிட்டயும் ஒத்துக்க மாட்டான். படிக்கத் தெரியாதுன்னும் ஒத்துக்க மாட்டான். ஒம்பது வயசுல பள்ளிக்கூடத்த விட்டவன். டாக்டர் ஒரு புத்தகம் குடுத்தாரு, வீட்டுக்குப் போயி ரெண்டு பேரும் படிச்சு யோசிச்சு ரெண்டு வாரத்துல சொல்லுங்கன்னாரு.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். எட்டு வாரம் கதிர் வச்சாங்க, மூணு மாசத்துக்கு ஒரு ஊசி நீங்க போட்டீங்க. நாங்க இங்கயே ஆஸ்பத்திரி விடுதியில தங்கினோம். கதிர் வச்சதுல பின்பக்கம் ரத்தமாப் போச்சு, நடக்கறப்பவே வெளிக்கிப் போயிடும். நான் தொடைச்சு விட்டேன், துணிய அலசினேன். ரெண்டாவது ஊசிக்கப்புறம் ஒருநாள் கை தவறித் தட்டக் கீழ போட்டேன். சில்லுச் சில்லாப் போச்சு. நான் பழக்கத்துல முகத்த மூடிக்கிட்டுச் சுவத்தோட ஒட்டிக்கிட்டேன். ஒண்ணும் விழல. வெரல் இடுக்கு வழியாப் பாக்கறேன், குனிஞ்சு பொறுக்கிக்கிட்டிருக்காரு. உனக்குக் கால்ல குத்தலையேன்னு கேட்டாரு.

நாப்பது வருஷத்துல மொத தடவ சிஸ்டர். நான் கழிப்பறைக்குள்ள போயி வாயில துண்ட வச்சு அழுதேன்.

அப்புறம் அவருக்கு ஒடம்பு குப்குப்புனு எரிய ஆரம்பிச்சுது. ஃப்ரிட்ஜத் தொறந்து வச்சுக்கிட்டு முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்துருவாரு. மார் ரெண்டும் வீங்கிச்சு, கையக் கட்டி மறைச்சுக்குவாரு. டிவியில சோப்பு விளம்பரம் வந்தாக்கூட கண்ணு கலங்கும். எனக்கு என்ன ஆச்சு, நான் யாரு இப்பன்னு ஒருநாள் கேட்டாரு. மருந்து, சரியாயிடும்னேன். இன்னொரு நாள், அந்த நாய நான்தானே சுட்டேன்னாரு. ஆமான்னேன். அந்த வாசல் கேட்டுக்கிட்ட போயி ரொம்ப நேரம் நின்னாரு. அந்த மனுஷன் மேல எனக்குப் பிரியம் வந்துடுச்சு. அறுபது வயசுல. சிரிக்காதீங்க. ஓ, அழறீங்களா. வேணாம், நீங்க அழக்கூடாது, எனக்கு உங்ககிட்ட வேலயிருக்கு.

போன குளிர் காலத்துல லியான் வந்தா. புருஷனோட ஒத்துவரல. மூணு வயசுப் பாப்பா டெல்லாவத் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னா, அப்பா மாறிட்டாராமே, நெஜமான்னு. நெஜம்தான்னேன். தாத்தா மடியில உக்காந்து அது காதத் திருகும், மூக்கத் திருகும். இவரு உருளைக்கெழங்கு உரிச்சுக்கிட்டே சிரிப்பாரு. நான் அப்பவே லியான்கிட்ட ஊசியப் பத்திச் சொல்லியிருக்கணும். சொல்லல.

போன தடவ ஊசி போட்டு அஞ்சு மாசமாச்சு இல்ல? டாக்டர் லீவுன்னு தேதி தள்ளிப் போச்சு. போன செவ்வாக்கெழம காலையில டெல்லா பால மேஜையில கொட்டிடுச்சு. அவரு எழுந்திரிக்கக்கூட இல்ல. வலது கைய மட்டும் மேஜ மேல விரிச்சு வச்சாரு, உள்ளங்க கீழ, வெரலெல்லாம் அகலமா. பால் அந்த வெரல் நடுவுல ஓடுது. கைய எடுக்கல. பாப்பாவையே பாத்துக்கிட்டிருந்தாரு.

உங்களுக்கு அது ஒண்ணுமில்ல. அடிக்கறதுக்கு முன்னாடி அவன் கைய அப்படித்தான் வைப்பான். ஒவ்வொரு தடவையும். நான் பாப்பாவத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடினேன். திரும்பிப் பாத்தா அவரு தன் கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பயந்து போயி. இல்ல, அது பயமான்னு எனக்குச் சரியாத் தெரியல.

ஊசிய நிறுத்தறதப் பத்திப் பேசணும்னு உங்க ஆஸ்பத்திரிக் கடிதாசி வந்துச்சு இல்ல, நான்தானே படிச்சேன். அவருக்கு வழக்கமான ஊசின்னு சொல்லிட்டேன், பேசறதுக்குத்தானே, இன்னொரு ஊசியாவது போடுவீங்கன்னு நம்பினேன். நாங்க இந்தப் பக்கம் கெளம்பினதும் கொழந்தயத் தூக்கிட்டுப் போயிடுன்னு லியான்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். எங்கன்னு எனக்குச் சொல்லாத, என்னை அடிச்சா நான் சொல்லிடுவேன்னேன்.

அப்ப முடியாது? இன்னொரு வருஷம், ஆறு மாசம்? புத்து இல்லாதவனுக்குப் போட முடியாது. மனசு மாறறதுக்கெல்லாம் இந்த ஊசி கெடையாது. சரி. நீங்க வேற என்ன சொல்லுவீங்க.

அடி வாங்கற பொம்பளைங்களுக்கான அந்த நம்பர் வேணாம், மனப்பாடமாத் தெரியும். ஆனா கூப்பிடுங்க, கூப்பிட்டு யாராவது வந்து என்னைக் கூட்டிட்டுப் போகட்டும். நான் அந்த வண்டியில திரும்பி ஏறல. சாவி இந்தாங்க. உங்க கையாலயே அவருகிட்ட குடுத்துடுங்க. நான் உள் அறையில உக்காந்துக்கறேன்.

ஒண்ணு மட்டும் அந்த ஃபைல்ல எழுதிடுங்க சிஸ்டர். நாளைக்கு அவரு கேட்டா உங்க டாக்டர் மேல பழி வரக்கூடாது. அன்னிக்குப் புத்தகத்த நான் வாசிச்சப்ப அவன் கத்தியத் தீட்டிக்கிட்டிருந்தான். கெட்டுப் போனத அறுத்து எறிய முடியாதான்னு கேளு, ஒரேடியா முடிஞ்சுடுமே, எனக்கு அதுதான் சரின்னான். முடியும்னு மூணாம் பக்கத்துலயே போட்டிருந்துச்சு. ஆபரேஷன் பண்ணி அந்தச் சுரப்பிய முழுசா எடுத்துடலாம், கொஞ்ச மாசம் மூத்திரம் கசியும், ஊசி தேவப்படாதுன்னு. நான் அந்தப் பக்கத்தத் தள்ளிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அதுல, இந்த ஊசி ஆம்பளச் சுரப்ப அடக்கிடும்னு போட்டிருந்துச்சு. வருஷத்துக்கு எத்தன கெடாவுக்குக் காயடிச்சிருக்கேன், அப்புறம் அது எப்படி அடங்கி நிக்கும்னு எனக்குத் தெரியாதா.

உனக்குப் புத்து இருக்கற எடத்துல கத்தி வைக்க முடியாதாம் வெர்ன், ஊசி ஒண்ணுதான் வழியாம்னு சொன்னேன்.