முப்பத்திரண்டு கூண்டுகள்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் சார், பேன்ட் முழுக்க முடி ஒட்டிக்கொள்ளும். இப்படி ஜன்னல் பக்கம் வாருங்கள். முயல் இருக்கிற வீட்டில் கறுப்பு உடுப்பு சரிப்படாது என்று தெரிந்துகொள்ள எனக்கே ஒரு வருடம் ஆயிற்று.

கால்நடைத் துறையிலிருந்து இவ்வளவு தூரம் வந்து நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஊரில் அத்தனை முயல்கள் செத்திருக்க, இந்த வீட்டில் மட்டும் ஒன்றுகூடச் சாகவில்லையே, எப்படி? பதில் சின்னதுதான். ஆனால் அதை மட்டும் சொன்னால் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். அதனால் வரிசையாகச் சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

பதினொரு வருடம் ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருந்தேன். ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கப் போனால் வாசலில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு வெள்ளை முயல், பாதி கடித்த கேரட், ஒரு சீட்டு. 'இவன் பேர் மாவு. யாரையும் கடிக்க மாட்டான்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. மாவை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு தையல்காரர் குடும்பத்துக்குக் கொடுத்தேன். அந்த வீட்டம்மா அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். என் கல்யாணத்தன்றுகூட யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அப்புறம் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வீடு மாறுகிறோம் என்பார்கள். பாப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்பார்கள். ஒருவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார், "குட்டியா இருந்தப்ப அழகா இருந்துச்சுங்க." எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். குளிப்பாட்டக் கூடாது, காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, தனியாக விட்டால் ஏங்கிப்போகும் என்று பாடம் நடத்திவிட்டுத்தான் புது வீட்டுக்குக் கொடுப்பேன். தெருவில் என்னை முயலம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் தன் தங்கை வீட்டோடு போய்விட்டார். சண்டை எதுவும் இல்லை. அவருக்குத் தும்மல் நிற்கவில்லை, எனக்கு முயல்களை அனுப்ப மனசில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஹால் நிரம்பியது. படுக்கையறை நிரம்பியது. கடைசியில் நான் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் பாய் விரித்துத் தூங்கினேன். நாற்பத்தியொன்று இருந்தன. அதில் முப்பது முயல்களுக்கு ஒரே முகம். தட்டை மூக்கு, தொங்கும் காது, பொம்மைக் கண். எல்லாம் என் அண்ணன் கொட்டகையில் பிறந்தவை.

அண்ணனைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவன் கொடுமைக்காரன் இல்லை. அவன் கொட்டகை என் வீட்டைவிடச் சுத்தம். முப்பத்திரண்டு கூண்டு, ஒவ்வொன்றிலும் தண்ணீர்ப் புட்டி, மின்விசிறி. ஆனால் முகம் எவ்வளவு தட்டையோ அவ்வளவு கிராக்கி என்று தட்டை முகங்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தான். தாடை குட்டையானால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் உரசாது. உரசாத பல் வளர்ந்துகொண்டே போகும். தட்டு நிறையத் தீனி இருக்கும், வாயைத்தான் மூட முடியாது. மாதம் ஒரு முறை ஒவ்வொன்றையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நான்தான் பல்லை வெட்டிவிடுவேன். அவை கத்தாது சார். முயல் லேசில் கத்தாது. நம் கைக்குள் இதயம் மட்டும் தட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் ஒரு பெண் தன் முயலை என்னிடம் விடக் கொண்டுவந்தாள். என் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் காட்டினாள். அண்ணனின் கார்டு. முன்பக்கம் அவன் எண். பின்பக்கம், 'வளர்க்க முடியாவிட்டால் கவலை வேண்டாம்' என்று போட்டு என் எண்.

அன்றே அவன் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணா, ஒரு வருஷம் நிறுத்தி வை. என்னால முடியல."

"என்ன முடியல?"

"வீட்டுல கால் வைக்க இடமில்ல. தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"எல்லாத்தையும் வாங்கிப் போடுன்னு நானா சொன்னேன்?"

"கார்டுல என் நம்பரைப் போட்டிருக்கியே."

"அது நல்லதுக்குத்தான்மா. வாங்க வர்றவங்க முதல்ல கேக்கிறதே, ஒத்துவரலைன்னா என்ன பண்றதுன்னுதான். என் தங்கச்சி இருக்கா, பாத்துக்குவான்னு சொல்றேன். உடனே முகம் தெளிஞ்சிடுது. உன்னாலதான் எனக்கு வியாபாரமே ஓடுது."

அவன் கிண்டல் செய்யவில்லை. பெருமையாகத்தான் சொன்னான். அண்ணி டீ கொண்டுவந்தார். குடித்துவிட்டுத் திரும்பினேன். வரும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் காதில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு முயலை வாங்கும்போதும் அவன் கொட்டகையில் இரண்டுக்கு இடம் செய்துகொடுத்திருக்கிறேன்.

மறுக்கவும் முயன்றேன். ஒரு அம்மா வந்தார், இடமில்லை என்று சொன்னேன். "சரிங்க" என்று போய்விட்டார். மூன்றாம் நாள் பூங்காக் காவலாளி போன் செய்தார். "முயலம்மாதானே? இங்க புதர்ல ஒண்ணு கிடக்குங்க. நாய் கடிச்சிருக்கு." போய் எடுத்துவந்தேன். மதியம்வரை உயிர் இருந்தது. அதன்பிறகு எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருப்பேன். வெளியே போன் அடித்து ஓயும். மறுபடி அடிக்கும். நான் செத்தால் இவற்றை யார் பார்ப்பார்கள் என்று யோசிப்பேன். சாகாவிட்டால் நான் எப்படிப் பார்ப்பேன் என்றும் யோசிப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊரில் முயல்களுக்கு ரத்தக் கசிவு நோய் என்று செய்தி வந்தது. உங்களுக்குத் தெரியாததில்லை. இன்று துள்ளும், நாளை மூக்கில் ரத்தம் வழியச் செத்துக் கிடக்கும். மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும் உண்டு. டாக்டர் வரவழைத்துக் கொடுத்தார். என் நாற்பத்தியொன்றுக்கும் போட்டேன். இரண்டு ஊசிக்கான மருந்து மிச்சம், குளிர்பெட்டியில் வைத்தேன். அண்ணனிடமும் சொன்னேன். "நம்ம பக்கம் வரலையே, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றான். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்லத்தான் செய்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு லாரி ஓட்டுநர் டாக்டரிடம் துண்டில் சுற்றி ஒரு முயலைக் கொண்டுவந்தார். கூண்டில் விரித்த புல்லையும் ஒரு பெட்டியையும் கூடவே எடுத்து வந்திருந்தார். மேசையில் வைப்பதற்குள் போய்விட்டது. மூக்கைப் பார்த்ததுமே டாக்டர் கையுறையை மாட்டினார். "கூண்டுல விரிச்ச புல்லு, துணி, எல்லாத்தையும் எரிச்சிடும்மா" என்றார். பின்புறம் கொண்டுபோய் எரித்தேன். துண்டை எரித்தேன், பெட்டியை எரித்தேன். புல் இரண்டு பையில் இருந்தது. ஒன்றை எரித்தேன்.

இரண்டாம் நாள் காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் தன் மகளைப் பள்ளியில் விடப் போயிருந்தான். சின்னவள் என்று கூப்பிடுவோம், ஒன்பது வயது. அண்ணி துணி துவைத்துக்கொண்டிருந்தார். "வா, சாப்டியா?" என்றார். "சாப்டேன் அண்ணி, முயலுங்களுக்குக் கொஞ்சம் நல்ல புல்லு கொண்டுவந்தேன், நானே போட்டுடறேன்" என்றேன். "உனக்கு எதுக்கு சிரமம்" என்றார்.

கொட்டகை ஓரத்தில் கிடந்த புதுப் புல்லோடு, எரிக்காமல் வைத்திருந்த பைப் புல்லைக் கலந்து, ஒவ்வொரு கூண்டாகப் போட்டேன். முப்பத்திரண்டையும் விடவில்லை. நாலு பெண் முயல்கள் சினையாக இருந்தன. அவற்றுக்கு இரண்டு பிடி போட்டேன். அவசரப்படவில்லை. ஒவ்வொன்றின் நெற்றியையும் தடவிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். ஒன்றுக்குப் பல் வளைந்து கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்தது. இனி உனக்கு வெட்ட வேண்டியதில்லை என்று சொன்னேன். சொல்லும்போது மனசு லேசாக இருந்தது.

திரும்பும்போது வீட்டுக்குள்ளிருந்து பட்டன் ஓடிவந்தது. சின்னவளின் முயல். கூண்டு கிடையாது, அவள் கால்மாட்டில்தான் தூங்கும். வந்து என் செருப்பை முகர்ந்தது. குனிந்து தூக்கிக் கொஞ்சினேன். புல் போட்ட அதே கைதான்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். குளிர்பெட்டியில் மருந்து இருந்தது. பட்டனுக்கு ஊசி போட்டுவிட்டு ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். அந்தக் கிருமி பைக்குள் மாதக்கணக்கில் சாகாது. யோசிக்காமல் இல்லை. ஆனால் மொத்தக் கொட்டகையும் போய்ப் பட்டன் மட்டும் பிழைத்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள் அல்லவா?

நாலாம் நாள் அண்ணன் போன் செய்தான். "வாயேன்" என்றான், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பட்டன் உட்பட ஒன்றுகூட மிஞ்சவில்லை. குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி நானும் சேர்ந்துதான் புதைத்தேன். அண்ணன் மண்ணிலேயே உட்கார்ந்து என் தோளில் சாய்ந்து அழுதான். அப்பா செத்தபோதுகூட அவன் அப்படி அழவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"எப்படி வந்திருக்கும்?" என்றான்.

"போன வாரம் ஒரு ஆண் முயல் வாங்கிட்டு வந்தியே, அதுலேர்ந்து இருக்கும்" என்றேன்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அப்புறம் தோன்றியது. அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. தன் கையால் கொண்டுவந்தேன், தன் கையால் கொண்டுவந்தேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறானாம். அண்ணி சொன்னார்.

சின்னவள் அழவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, உங்க வீட்டு முயலுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையா?"

"ஊசி போட்டிருந்தேன் கண்ணு."

"பட்டனுக்கு ஏன் போடல?"

நீங்கள் கேட்டதைத்தான் அவளும் கேட்டாள் சார், உங்களுக்கு ஒரு மாதம் முன்னாலேயே. உங்களுக்குச் சொல்லிவிட்டேன். அவளுக்குச் சொல்லவில்லை. மருந்து தீர்ந்துபோச்சு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் அண்ணனிடம் வாங்கிப்போனவர்கள் வீட்டு முயல்கள் செத்தன. அங்கிருந்து செருப்பிலும் ஈயிலும் தெருத் தெருவாகப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் வளர்த்த ஐந்தும் செத்தன. நான் வீடு வீடாகப் பார்த்துக் கொடுத்தவற்றில் இருபத்தாறு செத்தன. தையல்காரர் வீட்டம்மா மாவைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம்தான் ஓடிவந்தார். நான் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்காகத்தான் நான் இருக்கிறேன் என்று நினைத்தேன். இப்படிப் பரவும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டால், பதினொரு வருடம் அந்த வேலையில் இருந்தவளுக்குத் தெரியாமல் இருக்காது. தெரியும்.

ஆக, கொட்டகைக்கு நோயைக் கொண்டுபோனது நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள். இனி தட்டை முகத்தோடு ஒரு உயிர் இந்த ஊரில் பிறந்து பட்டினி கிடக்காது. அண்ணன் கொட்டகையைப் பிரித்துவிட்டான். நான் செய்தது சரியா தவறா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்.

இப்போது யாரும் வருவதில்லை. ஊரில் முயல் இருந்தால்தானே கொண்டுவருவார்கள்? என்னிடம் இருந்தவற்றையும் முயலை இழந்த வீடுகளிலிருந்து வந்து கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். கட்டில் காலியாகிவிட்டது. இருந்தும் சமையலறையில்தான் படுக்கிறேன். முதல் நாலு நாள் போன் ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். போன் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

அந்த மூலைக் கூண்டை மட்டும் திறக்காதீர்கள் சார், பயந்துவிடும். கடைசி இரண்டு. இரண்டுமே அண்ணன் கொட்டகை முயல்கள்தான், ஒன்று ஆண், ஒன்று பெண். சேர்த்து விட்டு ஒரு மாதம் ஆகிறது. நேற்றிலிருந்து பெண் தன் மார்பு முடியைப் பிடுங்கிப் புல்லில் மெத்தை போட்டுக்கொண்டிருக்கிறது. இதை வியாபாரம் என்று எழுதிவிடாதீர்கள், நான் யாருக்கும் விற்கப்போவதில்லை. பழைய எண்களையெல்லாம் தேடியெடுத்து நானே பதினான்கு வீட்டுக்குப் போன் செய்து, குட்டி தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முதல் குட்டி சின்னவளுக்கு. முகம் நன்றாகத் தட்டையாக இருப்பதாகப் பார்த்துக் கொடுப்பேன், அவளுக்கு அதுதான் பிடிக்கும்.