வேண்டாம் என்று சொன்ன சிப்

அந்தக் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான்தான் ஐயா. திரையில் படாமல் ஓரமாக வைத்தேன்.

ராஜபாளையத்தில் வைகுண்டராஜ் அண்ணாச்சியின் பட்டறையில் நாங்கள் இரண்டு பெண்கள். நூல்மில் மெஷின்களுக்கு வேண்டிய மின்சாரப் போர்டுகளை அங்கே செய்கிறோம். கம்ப்யூட்டர் வருமுன், போர்டில் மின்சாரம் ஓட வேண்டிய கோடுகளைப் பிலிமின்மேல் கறுப்பு டேப்பால் ஒட்டுவது செல்லக்கனியின் வேலை. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் அதை விரித்து, ஒரு கோடு இன்னொன்றை நெருங்காமல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சரியாக இருந்தால் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளி இல்லாமல் ஒரு படமும் வெளியே போகாது.

தொண்ணூற்றிரண்டில் கோடு போடுவதைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற அண்ணாச்சி முடிவு செய்தார். மதுரையிலிருந்து வந்த விற்பனைக்காரர் இரண்டு மெஷின்களைப் பற்றிச் சொன்னார். ஒன்று சின்னது, படம் வரையும், அவ்வளவுதான். மற்றதில் மெமரி அதிகம், கணக்குப் போடுவதற்கென்று தனியாக ஒரு சிப்பும் உண்டு. அது இருந்தால் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மெஷினே சோதித்து, தப்பான இடத்தைக் குறிபோட்டுக் காட்டிவிடுமாம். சின்னதில் அந்தச் சோதனையைத் தொடங்கினால் திரை அப்படியே நின்றுபோகுமாம்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்லுத?"

"நம்ம கோடுதான அண்ணாச்சி போடுதோம். கணக்கு எழுதுதவியளுக்குத்தான் அந்தச் சிப்பெல்லாம். பாக்கதுக்கு நான் இருக்கேன்லா?"

சின்னதே வந்தது.

செல்லக்கனி மம்சாபுரத்துப் பிள்ளை. சீக்கிரமே பழகிக்கொண்டாள். அவள் படங்களில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. நாள் முழுக்கக் குனிந்து பார்த்துவிட்டுப் புள்ளி மட்டும் வைத்துக் கொடுப்பேன். ஒருநாள் டீ குடிக்கும்போது அண்ணாச்சி, "வேலுத்தாயி, ஒனக்கு இனிப் பொட்டு வைக்கது மட்டுந்தான் வேல போல. பேசாம பேக்கிங் பக்கம் போயிரு" என்றார். செல்லக்கனி சிரித்தாள். அதில் தப்பொன்றும் இல்லை. நானும் சிரித்தேன். பாதியில் பள்ளிக்கூடம் விட்டவளுக்கு அந்த மேசையைத் தவிர மதிப்பாக உட்கார வேறு இடமில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் மில் ஒன்றுக்கான படம் வந்தது. பஞ்சை இழுக்கும் உருளைகளுக்கு மேலே ஒரு மூடி இருக்கும். மூடியைத் திறந்தால் உருளைகள் நிற்க வேண்டும். அதை நிறுத்துவதுதான் அந்தப் போர்டின் வேலை. மில்லில் யாரும் சுவிட்சைத் தேடிப் போவதில்லை. பஞ்சு அடைத்துக்கொண்டால் மூடியைத் திறந்து கையை விடுவார்கள். உள்ளே பஞ்சைத் தவிர எதுவும் கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தில் ஒன்றும் கேட்காது. முந்தைய போர்டை மாட்டும்போது அண்ணாச்சியோடு போய் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

அந்தப் படத்தில், மூடியிலிருந்து வரும் இரண்டு கோடுகள் ஒரு வளைவில் ஒட்டினாற்போல் கிடந்தன. ஈரத்தில் பஞ்சுத்தூசி படிந்தால் மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாண்டிவிடும். மூடி திறந்திருந்தாலும் உருளை ஓடும். பென்சில் என் கையில் இருந்தது. மூலையில் புள்ளி வைத்தேன்.

ஒரு போர்டு திரும்பி வரட்டும் என்றுதான் நினைத்தேன். வந்தால், பார்ப்பதற்கு ஒருத்தி வேண்டும் என்பது அண்ணாச்சிக்குப் புரியும். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

ஐப்பசி மழையில் அது திரும்பி வந்தது. செய்தித்தாளில் சுற்றியிருந்தார்கள். அந்த மில்லில் வேலை பார்த்த ஐயாதுரை என்பவரின் வலது கையை உருளை இழுத்துக்கொண்டதாகவும், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டதாகவும் கொண்டுவந்தவர் சொன்னார். செய்தித்தாளை நான்தான் பிரித்தேன். ரத்தக்கறை போர்டின் ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தது.

படம் போட்டது யார் என்று நீங்கள் பட்டறைக்கு வந்து கேட்டபோது செல்லக்கனி முன்னால் வந்து நின்றாள். நான் அவள் முதுகைத் தடவி, "அழாதட்டி. மெசினு சின்னது, நீ என்ன செய்வ" என்றேன். அதையும் ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அவள் வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தப்பைப் பார்த்தவள் நான். பார்த்தும் அனுப்பியவள் நான். பெரிய மெஷின் வேண்டாம் என்றவளும் நான்தான்.

கண்ணாடி மேசையில் இன்னொரு படம் விரித்தபடி கிடக்கிறது. நான் திரும்பி வரும்வரை அதை வெளியே விட வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிடுங்கள் ஐயா. பார்ப்பதற்கு அங்கே வேறு ஆள் இல்லை.